மூன்று மாதப் பயிற்சி: மகனைக் கம்பனிக்கு அனுப்புவதா, கடையில் வைப்பதா?

சென்ற மாதம் ஒரு நாள் அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசல் படியில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது ஒரு நண்பர் என் கையைப் பிடித்தார். கண்டி மாவட்டத்தில் எங்கள் பக்கத்து ஊரில் ஹாட்வெயார் கடை வைத்திருப்பவர். இருபத்தைந்து வருட வியாபாரம். முகத்தில் ஏதோ யோசனை.

"நானா, மகன் ஏ.எல். எழுதிட்டு வீட்டில இருக்கிறார். கொழும்பில ஒரு கம்பனியில மூணு மாசம் இன்டர்ன்ஷிப் கிடைச்சிருக்காம். மாசம் 15,000 தாராங்களாம். அது போர்டிங்குக்கே காணாது. இங்க கடையில ஆள் இல்லாம நான் கஷ்டப்படுறேன். போகச் சொல்லவா, வேணாம்னு சொல்லவா?"

நான் அவரிடம் மூன்று கேள்விகள் கேட்டேன். மகன் அங்கே யாருக்குக் கீழே வேலை செய்வார்? என்ன வேலை செய்வார்? மூன்று மாதம் முடிந்ததும் கையில் என்ன இருக்கும்? மூன்றுக்கும் அவரிடம் பதில் இல்லை. மகனிடமும் இருக்கவில்லை என்பது பிறகு தெரிந்தது.

ஒரு லொறி சீமெந்து வந்தால் மூடையில் உள்ள திகதியைப் பார்க்காமல் இறக்கவிடாத மனிதர் அவர். கம்பியின் கனத்தைக் கையால் தடவியே சொல்லிவிடுவார். ஆனால் மகனின் மூன்று மாதத்தைக் கொடுக்கும்போது எதையும் பார்க்கவில்லை. இது அவருடைய குறை மட்டுமல்ல. நம்மில் பலரும் அப்படித்தான். ஒன்று, "கொழும்புக் கம்பனி" என்ற சொல்லைக் கேட்டதும் மயங்கிவிடுகின்றோம். இல்லாவிட்டால், "சம்பளம் இல்லாத வேலை என்ன வேலை" என்று ஒரே பேச்சில் மறுத்துவிடுகின்றோம். இரண்டும் வியாபாரிக்கு அழகல்ல. எனவே இந்த வாரம் அதைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

நமக்குக் கோடை விடுமுறை இல்லை, காத்திருப்பு உண்டு

மேற்கு நாடுகளில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பல்கலைக்கழகங்கள் மூடப்படும். அந்த மாதங்களில் மாணவர்களைக் கம்பனிகள் பயிற்சிக்கு எடுப்பது அங்கே வழக்கம். "சம்மர் இன்டர்ன்ஷிப்" என்ற பெயர் அப்படி வந்ததுதான். நம் நாட்டில் அப்படியொரு கோடை இல்லை. நமக்கு இருப்பது காத்திருப்பு. க.பொ.த. உயர்தரப் பரீட்சை முடிந்து பெறுபேறு வரும்வரை ஒரு காத்திருப்பு. பெறுபேறு வந்து பல்கலைக்கழகத்தில் கால் வைக்கும்வரை இன்னொரு காத்திருப்பு. 2022ஆம் ஆண்டுக்கான உயர்தரப் பரீட்சை 2023 ஜனவரியில்தான் ஆரம்பமானது. பெறுபேறு அந்த ஆண்டு செப்டெம்பரில் வந்தது. பதினெட்டு, பத்தொன்பது வயதில் ஒரு பிள்ளை இத்தனை மாதம் கையில் போனுடன் கட்டிலில் கிடந்தால் அது வெறும் நேர விரயம் மட்டுமல்ல. காலையில் எழும்பும் பழக்கமே போய்விடும்.

ஆகவே இந்தக் காலத்தில் பிள்ளை எதையாவது செய்யவேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. என்ன செய்வது என்பதுதான் கேள்வி.

முதலில் விலையைப் பார்ப்போம்

பயிற்சி இலவசமாகக் கிடைப்பதாகச் சிலர் நினைக்கின்றார்கள். கொடுப்பனவு வேறு தருகின்றார்களே என்கின்றார்கள். என் நண்பரின் விடயத்தில் நாங்கள் இருவரும் கடைக் கொப்பியின் பின்பக்கத்தில் ஒரு கணக்குப் போட்டோம். தொகைகள் உத்தேசம்தான். உங்கள் ஊர், உங்கள் செலவுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

கொழும்பில் பங்கு அறைக்கு மாதம் 15,000 ரூபா. மூன்று வேளைச் சாப்பாட்டுக்கு 30,000. பஸ், தொலைபேசி, சலவைக்கு 10,000. வீட்டுக்கு வந்து போக 5,000. மொத்தம் 60,000. கம்பனி தரும் 15,000 ரூபாவைக் கழித்தால் நம் கையிலிருந்து போவது 45,000. மூன்று மாதத்துக்கு 135,000 ரூபா.

அடுத்தது கடை. மகன் இல்லாத இடத்துக்கு ஓர் ஆளைப் போட வேண்டும். தேசிய ஆகக்குறைந்த சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபாவாகவும், 2026 ஜனவரி முதல் 30,000 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டது. அதற்கு மேல் முதலாளி கட்டவேண்டிய ஊழியர் சேமலாப நிதி 12 வீதம், ஊழியர் நம்பிக்கை நிதி 3 வீதம். அது 4,500 ரூபா. ஆக மாதம் 34,500; மூன்று மாதத்துக்கு 103,500 ரூபா.

இரண்டையும் கூட்டினால் 238,500 ரூபா. மகன் வீட்டில் இருந்தாலும் சாப்பிடத்தானே செய்வார்? அதற்கு மாதம் 10,000 வீதம் 30,000 ரூபாவைக் கழித்துவிடுங்கள். மீதி 208,500 ரூபா.

இதுதான் அந்தப் பயிற்சியின் உண்மையான விலை. இரண்டு இலட்சத்துக்கும் மேல்.

ஆனால் இங்கே வாப்பாமார் ஓர் உண்மையை ஒத்துக்கொள்ள வேண்டும். மகன் உண்மையில் கடையில் ஓர் ஆளின் வேலையைச் செய்கின்றாரா? காலை பதினொரு மணிக்கு வந்து, லுஹருக்குப் போய், அஸருக்குப் பிறகு திரும்பி வந்து பெட்டியில் உட்கார்ந்து போன் பார்ப்பவரென்றால், அவர் போனதால் கடைக்கு நட்டம் எதுவும் இல்லை. அப்படியானால் 103,500 ரூபாவைக் கணக்கில் சேர்க்கக்கூடாது. நண்பரிடம் இதைச் சொன்னபோது சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "பாதியைச் சேருங்க நானா" என்றார்.

கடை கற்றுக்கொடுத்தது என்ன?

நம் சமூகத்துக்குப் பயிற்சி புதிதல்ல. இன்டர்ன்ஷிப் என்ற சொல் வருவதற்கு முன்பே அது நம்மிடம் இருந்தது. கிழக்கிலிருந்தும் மலைநாட்டிலிருந்தும் பையன்களைப் புறக்கோட்டைக்குக் கொண்டுவந்து ஓர் உறவினரின் கடையில் விடுவார்கள். கடைக்கு மேல்மாடியில் படுக்கை. முதலில் கூட்டிப் பெருக்க வேண்டும். பிறகு மூடை தூக்க, நிறுக்க, பொட்டலம் கட்ட. சில வருடம் போனால் வாடிக்கையாளரோடு பேச விடுவார்கள். நம்பிக்கை வந்த பிறகுதான் காசுப் பெட்டி. கடைசியில் முதலாளியே சரக்கைக் கடனுக்குக் கொடுத்துத் தனிக்கடை போட்டுக் கொடுப்பார். இன்று பெரிய கடைகள் என்று நாம் சொல்லும் பலவற்றின் வரலாறு இதுதான்.

பேருவளை சீனன்கோட்டையில் பிறந்த நளீம் ஹாஜியார் (1933 - 2005) தொழில் கற்றது மாணிக்கச் சந்தையில்தான். ஆனால் அந்தச் சந்தையில் சம்பாதித்தவர்தான் 1973 இல் ஜாமிஆ நளீமிய்யாவை நிறுவினார். சந்தையை அறிந்த மனிதர், சந்தை மட்டும் போதாது என்பதையும் அறிந்திருந்தார்.

கடை மூன்று விடயங்களை நன்றாகக் கற்றுக்கொடுக்கும். சரக்கை அறிவது, ஆளை அறிவது, யாருக்கு எவ்வளவு கடன் கொடுப்பது என்பதை அறிவது. இதை எந்தக் கம்பனியிலும் மூன்று மாதத்தில் கற்க முடியாது. பிள்ளையின் காத்திருப்புக் காலத்தைக் கடையில் கழிப்பது வீண் என்று சொல்பவர்களுக்கு என் பதில் இதுதான்.

ஆனால் கடை கற்றுக்கொடுக்காதவையும் உண்டு. 2022 ஐ நினைத்துப் பாருங்கள். மார்ச் மாத ஆரம்பத்தில் 200 ரூபாவுக்குச் சற்று மேல் இருந்த அமெரிக்க டொலர் மே மாதமாகும்போது 360 ரூபா அளவுக்குப் போய்விட்டது. அப்போது நம் கடைகளில் என்ன நடந்தது? பழைய விலைக்கு வாங்கிய சரக்கை வழக்கமான இலாபம் வைத்து விற்றோம். வியாபாரம் சூடாக இருந்தது. பெட்டி நிறைந்தது. அந்தக் காசைக் கொண்டு திரும்பச் சரக்கு எடுக்கப் போனபோது முன்பு வாங்கியதில் பாதிக்கு மேல் கொஞ்சம்தான் வாங்க முடிந்தது. இலாபம் என்று எண்ணியது நம் முதலைத்தான். விற்ற விலையை வாங்கிய விலையோடு ஒப்பிடாமல், மீண்டும் வாங்கும் விலையோடு ஒப்பிட வேண்டும் என்பதைக் கிரயக் கணக்கீடு படித்த ஒரு பையன் சொல்லியிருப்பான். நம் கடையில் அதைச் சொல்ல ஆள் இருக்கவில்லை.

வரியும் அப்படித்தான். வற் வீதம் 2024 ஜனவரியில் 18 ஆக உயர்ந்தது. அதே நேரத்தில், பதிவு செய்யவேண்டிய ஆண்டுப் புரள்வு எல்லை 8 கோடி ரூபாவிலிருந்து 6 கோடியாக இறக்கப்பட்டது. 2026 ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் அதை மேலும் இறக்க முன்மொழியப்பட்டது. "அது பெரிய கம்பனிகளுக்குத்தான்" என்று இருந்த நடுத்தரக் கடைகளின் வாசலுக்கு அது வந்துகொண்டிருக்கின்றது. பில் இல்லாத கொள்முதலும் சிகரெட் பெட்டி அட்டையில் எழுதும் கணக்கும் இனி அதிக நாள் ஓடாது. வீட்டில் ஒருவர் இதைக் கற்றிருந்தால் அது கடைக்கு முதல் போட்டதற்குச் சமம்.

நான் போன பயிற்சி

என் அனுபவத்தையும் சொல்லிவிடுகின்றேன். நானும் உயர்தரம் முடித்துக் கொழும்பில் ஓர் இறக்குமதி அலுவலகத்துக்குப் பயிற்சிக்குப் போனேன். வாப்பா அரை மனதோடுதான் அனுப்பினார். முதல் இரண்டு மாதமும் போட்டோகொப்பி எடுத்தேன், தேநீர் வாங்கி வந்தேன், வங்கிக்குக் கவர் கொண்டுபோனேன். யாரும் என்னை ஏசவும் இல்லை, எதையும் கற்றுத்தரவும் இல்லை. நான் கேட்கவும் இல்லை. அதுதான் என் பிழை.

மூன்றாவது மாதம் எல்.சி. ஆவணங்களைப் பார்க்கும் எழுதுவினைஞர் பிரசவ விடுமுறையில் போனார். அந்த மேசையில் என்னை உட்கார வைத்தார்கள். பட்டியலில் உள்ள பெயர் எல்.சி.யில் உள்ள பெயரோடு ஓர் எழுத்துக்கூடப் பிசகாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கப்பலேற்றிய திகதி எல்.சி. சொல்லும் திகதிக்குள் இருக்கிறதா? எல்.சி.யில் வேறு விதமாகச் சொல்லப்படாவிட்டால் கப்பலேற்றி 21 நாட்களுக்குள் ஆவணங்கள் வங்கிக்குப் போயிருக்க வேண்டும். பிசகு இருந்தால் வங்கி காசு கொடுக்க மறுக்கலாம். ஒரு மாதம் முழுவதும் இதையே பார்த்தேன்.

பல வருடங்களுக்குப் பிறகு நானே சொந்தமாகச் சரக்கு எடுத்தபோது, விற்பவர் அனுப்பிய ஆவணப் பிரதியில் மூடைகளின் எண்ணிக்கை ஓரிடத்தில் ஒன்றாகவும் இன்னோரிடத்தில் வேறாகவும் இருந்ததைக் கண்டேன். சரக்கு கப்பலில் வந்துகொண்டிருந்தபோதே திருத்திக்கொண்டோம். துறைமுகத்தில் கொள்கலன் கிடந்து தாமதக் கட்டணம் ஏறியிருந்தால் அந்தச் சரக்கில் எனக்கு இலாபமே இருந்திருக்காது.

இரண்டு மாதம் வீண், ஒரு மாதம் வாழ்நாள் முதல். முதல் நாளே, "எனக்கு அந்த மேசையில் இருந்து பார்க்க வேண்டும்" என்று கேட்டிருந்தால் மூன்று மாதமும் முதலாகியிருக்கும். இன்று பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதைத்தான். பயிற்சியில் கிடைப்பதில் பாதி, நாம் கேட்பதால் கிடைப்பது.

போக முன் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

ஒன்று: யாருக்குக் கீழே? கம்பனியின் பெயர் முக்கியமில்லை. பிள்ளை எந்த மனிதரின் பக்கத்தில் உட்காரப் போகின்றார் என்பதே முக்கியம். ஒரு பெரிய கம்பனியில் இருபது பயிலுநர்களில் ஒருவராக இருப்பதைவிட, கற்றுக்கொடுக்க மனமுள்ள ஒரு சிறிய கணக்காய்வாளரின் அலுவலகம் மேல். அந்த மனிதரின் பெயரைச் சொல்ல முடியாத இடம் என்றால் அங்கே கற்றுக்கொடுக்க யாரும் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டு: என்ன வேலை? "எல்லாப் பிரிவிலும் அனுபவம் கிடைக்கும்" என்பது பதிலல்ல. முதல் திங்கட்கிழமை காலையில் மகன் கையில் என்ன வேலை இருக்கும் என்று கேளுங்கள். சென்ற முறை பயிற்சிக்கு வந்தவர் என்ன செய்தார் என்று கேளுங்கள். முடிந்தால் அவரையே தேடிப் பேசுங்கள். புதிய ஊரில் கடை எடுக்க முன் பக்கத்துக் கடைக்காரரிடம் விசாரிப்பதில்லையா? அதுபோலத்தான்.

மூன்று: எழுத்தில் தருவார்களா? காலம், நேரம், கொடுப்பனவு, விடுமுறை, முடிவில் சான்றிதழ் ஆகியவை ஒரு கடிதத்தில் இருக்க வேண்டும். இது அவநம்பிக்கையல்ல. ஸூரதுல் கஸஸில் மூஸா (அலை) அவர்கள் மத்யனுக்கு வந்த சம்பவத்தை எல்லோரும் அறிவோம். வழிப்போக்கராக வந்த இளைஞர், ஆடுகளுக்கு நீர் புகட்டிக் கொடுத்தார். பலமும் நம்பிக்கையும் உள்ளவர் என்று அந்தப் பெரியவரின் மகளே எடுத்துச் சொன்னார். பெரியவர் என்ன செய்தார்? காலத்தைச் சொன்னார்: எட்டு வருடம், பத்தாகப் பூர்த்தி செய்தால் அது அவருடைய விருப்பம். பிரதியாகத் தான் தருவதைச் சொன்னார். சிரமப்படுத்த விரும்பவில்லை என்றும் சொன்னார். மூஸா (அலை) அவர்களும் தன் பக்கத்தைத் தெளிவாகச் சொல்லி, அல்லாஹ்வைச் சாட்சியாக்கினார்கள். வேலை, காலம், பிரதிபலன் என்ற மூன்றும் தெளிவாக இருந்த உடன்படிக்கை அது. நமக்கு ஒரு பக்கக் கடிதம் கேட்க என்ன வெட்கம்?

நான்கு: முடிந்த பின் என்ன மிஞ்சும்? இங்கே பலர் ஏமாறுகின்றார்கள். உதாரணமாக, பட்டயக் கணக்காளராக வருவதற்கு அங்கீகரிக்கப்பட்ட பயிற்சி நிறுவனத்தில் மூன்று வருட நடைமுறைப் பயிற்சி வேண்டும். அது முறையாகப் பதிவு செய்யப்படவும் வேண்டும். அங்கீகாரம் இல்லாத இடத்தில் எத்தனை மாதம் இருந்தாலும் அந்தக் கணக்கில் சேராது. தொழில்நுட்பப் பக்கம் போகும் பிள்ளைகளுக்கு நைட்டா எனப்படும் தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகார சபை இருக்கின்றது. வேலைத்தளத்தில் பயிற்சி பெற்று என்.வி.கியூ. சான்றிதழ் எடுக்கலாம். அதில் ஏழு மட்டங்கள் உண்டு. கராஜில் வருடக்கணக்காக வேலை செய்து கையில் கடதாசி இல்லாதவர்களும் தம் திறமையைப் பரீட்சித்துச் சான்றிதழ் பெற வழி இருக்கின்றது. வெளிநாடு போக எண்ணுபவர்களுக்கு இந்தக் கடதாசியின் பெறுமதி தெரியும்.

ஐந்து: தீனுக்கு என்ன ஆகும்? ஜும்ஆவுக்குப் போக விடுவார்களா என்று சேர முன்னரே கேட்பது நல்லது. சேர்ந்த பின் வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்குக் கேட்பது சங்கடம். இதை மரியாதையாகக் கேட்டால் பெரும்பாலான இடங்களில் மறுப்பதில்லை. வட்டிக் கடன் பிரிவில் பயிற்சி எடுக்கலாமா என்று சிலர் என்னிடம் கேட்கின்றார்கள். நான் பத்வா கொடுப்பவனல்ல. உங்கள் ஊர் ஆலிமிடம் கேளுங்கள். ஆனால் கணக்கு, சுங்கம், களஞ்சியம், கணினி, போக்குவரத்து என்று கற்பதற்கு எத்தனையோ பிரிவுகள் இருக்கும்போது, மனதை உறுத்தும் ஒன்றைத் தேர்ந்தெடுக்க என்ன தேவை?

மகள்மாருக்கும் இதே கேள்விகள்தான். போக்குவரத்தையும் சூழலையும் பார்க்க வேண்டியது பெற்றோரின் பொறுப்பு. ஆனால் பார்த்த பின் நல்ல இடம் என்று தெரிந்தால், மகள் என்பதற்காக மட்டும் மறுக்காதீர்கள். கணக்குத் தெரிந்த மகள்களே வீட்டிலிருந்து கடைக் கணக்கைக் கவனித்து வாப்பாவைக் காப்பாற்றிய குடும்பங்கள் எனக்குத் தெரியும்.

விலகிப் போக வேண்டிய இடங்கள்

பயிற்சி கொடுப்பதற்கு நம்மிடமே காசு கேட்டால், அது எதற்கான காசு என்று கேளுங்கள். பாடநெறிக் கட்டணம் வேறு. "இடம் பிடித்துத் தருவதற்கு" என்றால் எழும்பி வந்துவிடுங்கள். மூன்று மாதம் என்று எடுத்து, முடிந்ததும் இன்னும் மூன்று, பிறகு இன்னும் மூன்று என்று நீட்டும் இடங்கள் உண்டு. அது பயிற்சியல்ல, குறைந்த கூலிக்கு ஆள் பிடிப்பது. இரண்டாவது தடவை நீட்டும்போது, "நியமனம் எப்போது?" என்று கேட்கும் தைரியம் பிள்ளைக்கு இருக்க வேண்டும்.

"முகாமைத்துவப் பயிற்சி" என்ற பெயரில் கூப்பிட்டு, ஆள் சேர்த்தால் காசு என்று சொல்லும் கூட்டங்களும் இருக்கின்றன. பிரமிட் திட்டங்கள் இந்நாட்டில் வங்கிச் சட்டத்தின் கீழ் தடைசெய்யப்பட்டவை. அதில் சேரும் பிள்ளை முதலில் சேர்ப்பது தன் சாச்சாவையும் மாமாவையும்தான். காசும் போகும், உறவும் போகும்.

நாமும் முதலாளிமார்தான்

இதுவரை மகனின் வாப்பாவாக நின்று பேசினோம். இனி கடை முதலாளியாக நம்மைப் பார்ப்போம். நம் கடையிலும் பரீட்சை எழுதிவிட்டு வந்து நிற்கும் ஏழைப் பையன்கள் இருக்கின்றார்கள். அவர்களுக்கு நாம் என்ன கற்றுக்கொடுக்கின்றோம்? நம் மகனுக்கு யார் கற்றுக்கொடுப்பார் என்று கேட்கும் நாம், அந்தப் பையனின் வாப்பாவுக்கு என்ன பதில் சொல்வோம்? 2021 முதல் வேலைக்கு அமர்த்தும் ஆகக்குறைந்த வயது 14 இலிருந்து 16 ஆக உயர்த்தப்பட்டதும் பலருக்குத் தெரியாது. வேலையை முழுதாக வாங்கிக்கொண்டு கூலியைக் கொடுக்காதவனுக்கு மறுமையில் எதிர்வாதியாக நிற்பவன் அல்லாஹ் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கின்றார்கள். "பழகட்டும் என்று வைத்திருக்கிறோம்" என்பது அந்த நாளில் ஒரு பதிலாகுமா?

இன்னொரு யோசனையும் உண்டு. சொந்தக் கடையில் மகன் ஒருபோதும் பயிலுநராக இருக்க முடியாது. அவர் "சின்ன முதலாளி". பிழை விட்டாலும் வேலையாட்கள் வாய் திறக்க மாட்டார்கள். பிந்தி வந்தாலும் யாரும் கேட்க மாட்டார்கள். நபி (ஸல்) அவர்களே இளமையில் மக்காவாசிகளின் ஆடுகளைக் கூலிக்கு மேய்த்தார்கள். பிறகு கதீஜா (ரழி) அவர்களின் முதலைக் கொண்டு ஷாமுக்கு வியாபாரம் செய்யப் போனார்கள். இன்னொருவரின் பொருளுக்குப் பொறுப்புச் சொல்வது ஒரு தனிப் படிப்பு. எனவே கம்பனிப் பயிற்சி சரிவராவிட்டால், நம்பிக்கையான வேறொரு வியாபாரியின் கடைக்கு மகனை அனுப்பலாம். அவருடைய மகன் நம் கடைக்கு வரட்டும். உங்கள் ஊர் வர்த்தக சங்கக் கூட்டத்தில் இதை ஒரு நாள் பேசிப் பாருங்கள். செலவே இல்லாத பயிற்சி இது.

நண்பர் எடுத்த முடிவு

அவர் அந்தக் கொழும்புக் கம்பனிக்கு மகனைக் கொண்டே தொலைபேசி எடுக்கச் செய்தார். வேலை என்ன என்று கேட்டதற்கு, "வந்த பிறகு பார்க்கலாம்" என்றார்களாம். யாருக்குக் கீழே என்பதற்குத் தெளிவான பதில் இல்லை. கடிதம் தருவதில்லை என்றார்கள். வேண்டாமென்று முடிவானது. மகன் இரண்டு நாள் வாப்பாவோடு சரியாகப் பேசவில்லை.

பிறகு கண்டி நகரில் ஒரு சிறிய கணக்காய்வு அலுவலகத்தில் இடம் கிடைத்தது. கொடுப்பனவு 8,000 ரூபாதான். ஆனால் காலையில் பஸ்ஸில் போய் மாலையில் வீட்டுக்கு வந்துவிடலாம். போர்டிங் இல்லை. சனி, ஞாயிறு கடை. யாருக்குக் கீழே என்றும், முதல் மாதம் கொள்முதல் பதிவு, இரண்டாம் மாதம் வங்கி இணக்கக் கூற்று, மூன்றாம் மாதம் வெளிக் கணக்காய்வுக்குக் கூட்டிப் போவது என்றும் அரைப் பக்கத்தில் எழுதிக் கொடுத்திருக்கின்றார்கள். கொடுப்பனவு பாதிதான். ஆனால் போக்குவரத்தும் பகற்சாப்பாடும் போக நண்பருக்குக் கையிலிருந்து போவது அற்பம். கடைக்கும் வாரத்தில் இரண்டு நாள் ஆள் இருக்கின்றது.

சென்ற ஜும்ஆவுக்குப் பிறகு அவரைச் சந்தித்தேன். எப்படிப் போகிறது என்று கேட்டேன். சிரித்தார். முழுதான சிரிப்பு அல்ல.

"ஞாயிற்றுக்கிழமை கடைக்கு வந்து, 'வாப்பா, நமக்கு வெளிய எவ்வளவு கடன் இருக்கு?'ன்னு கேட்டார் நானா. எனக்கு மனசில ஒரு கணக்கு இருந்திச்சு. கடன் கொப்பி மூணையும் எடுத்து ரெண்டு நாள் ராவைக்கு உட்கார்ந்து எழுதினார். நான் நினைச்சதைவிட எவ்வளவோ கூட. அதில பாதி ஆறு மாசத்துக்கு மேல பழசு. மூணு பேர் மௌத்தாகிட்டாங்க. இருபத்தைஞ்சு வருஷமா நான்தான் அந்தக் கொப்பியை எழுதுறேன். கோபம் வந்திச்சு. ஒண்ணும் சொல்லல்ல."

இப்போது கடனுக்குக் கொடுக்கும்போது மகன் ஒட்டிவைத்த தாளைப் பார்த்துவிட்டுத்தான் கொடுக்கின்றாராம். மௌத்தானவர்களின் பிள்ளைகளிடம் கேட்பதா, விட்டுக்கொடுப்பதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. அதற்கு மகனிடம் பதில் கேட்க முடியாது. அது கணக்காய்வு அலுவலகத்தில் கற்றுக்கொடுக்கும் பாடமல்ல. வாப்பாதான் மகனுக்குக் காட்டிக்கொடுக்க வேண்டும்.

உங்கள் வீட்டிலும் பரீட்சை முடித்த பிள்ளை இருந்தால், இன்றிரவு இஷாவுக்குப் பிறகு பக்கத்தில் உட்கார வைத்து அந்த ஐந்து கேள்விகளையும் ஒன்றாகப் பேசுங்கள். முடிவை நீங்களே சொல்லிவிடாதீர்கள். கணக்கைப் பிள்ளையையே போடச் சொல்லுங்கள். பயிற்சி அந்த இடத்திலிருந்தே ஆரம்பிக்கட்டும். நம் பிள்ளைகளின் நேரத்திலும் உழைப்பிலும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக.